கென்யா, வில்லோ, கொஞ்சம் வெண்ணெய்: ஒரு நாய் வழக்கின் ஆய்வு

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு தம்பதி பிரிந்தார்கள். பங்கு பிரிக்க வேண்டியவற்றில் கென்யா, வில்லோ என்ற இரண்டு நாய்களும் இருந்தன. வழக்கு முடியும்வரை இரண்டும் என்னிடமே இருக்கட்டும், அவர் வேண்டுமானால் ஒன்றரை மணி நேரம் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று மனைவி மனுப் போட்டார். 2016-இல் அந்த மனு குயின்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்தில் நீதிபதி ரிச்சர்ட் டானிலியுக் முன்னால் வந்தது.

மனுவில் 'நாய்' என்று வரும் இடத்திலெல்லாம் 'மகள்' என்று போட்டுப் பாருங்கள். நம் ஊர் குடும்பநல நீதிமன்றத்தில் அன்றாடம் தாக்கலாகும் மனு ஆகிவிடும். இடைக்காலப் பொறுப்பு ஒருவருக்கு, பார்க்கும் நேரம் இன்னொருவருக்கு. நீதிபதிக்குக் கோபம் வந்த இடமும் அதுதான். நாய்களுக்குக் கஸ்டடி உத்தரவு போட நான் ஆளில்லை என்று மனுவைத் தள்ளினார். இதுபோன்ற மனுக்கள் நீதிமன்றத்தின் நேரத்தை வீணடிக்கின்றன, இவற்றை ஊக்குவிக்கக் கூடாது என்றும் எழுதினார்.

தீர்ப்பு நாய் வெறுப்பில் எழுதப்பட்டதல்ல. நாய்கள் அருமையான உயிர்கள், அறிவும் உணர்வும் உள்ளவை, பல வீடுகளில் குடும்பத்தில் ஒருவராக நடத்தப்படுபவை என்று முதலில் ஒப்புக்கொள்கிறார். எல்லாம் சொல்லி முடித்த பிறகும் நாய் நாய்தான், சட்டத்தின் கண்ணில் அது சொத்து, குடும்ப உரிமை எதுவும் அதற்குக் கிடையாது என்கிறார். பிறகு வருகிறது உலகம் முழுக்கச் செய்தியான அந்த உவமை. இந்த வீட்டில் வெண்ணெய் தடவும் கத்திகளும் இருக்குமே, கத்திகள் ஒருவரிடம் இருக்கட்டும், மற்றவர் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் வந்து தன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொள்ளட்டும் என்று நான் உத்தரவு போடவா என்று கேட்டார். முடிவுக்கு வர முடியாவிட்டால் நாய்களை விற்று, வந்த பணத்தைப் பாதிப் பாதியாகக் கொடுக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது, இருவருக்குமே அது பிடிக்காது என்று நினைக்கிறேன் என ஓர் எச்சரிக்கையும் வைத்தார்.

பத்திரிகைகள் கத்தியைப் பிடித்துக்கொண்டன. எனக்கு அந்தத் தீர்ப்பில் முக்கியமாகப் படுவது வேறொரு பகுதி.

நீதிபதியின் பட்டியல்

பிள்ளைக்கும் நாய்க்கும் என்ன வேறுபாடு என்று டானிலியுக் வரிசையாக எழுதுகிறார். நாம் பிள்ளைகளை வளர்ப்பாளரிடம் விலைக்கு வாங்குவதில்லை. நல்ல ரத்தம் வேண்டுமென்று பார்த்துப் பார்த்து இணை சேர்த்து, அதற்குக் கட்டணமும் வாங்குவதில்லை. பிள்ளைக்குக் கடும் நோய் வந்தால், செலவு எவ்வளவு, பலன் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, வைத்தியம் பார்ப்பதா, அப்படியே விடுவதா, கதையை முடிப்பதா என்று யோசிப்பதில்லை. பிள்ளை எவ்வளவு மூர்க்கமாக நடந்தாலும் வாய்க்கூடு மாட்டுவதில்லை, கொல்வதும் இல்லை.

கேலிக்காக எழுதிய பட்டியல்தான். ஆனால் அதை மெதுவாகப் படித்தால் கேலி வடிந்துவிடும். அதில் உள்ள ஒவ்வொன்றும், நாயைப் 'பிள்ளை' என்று சொல்பவர்களே கையெழுத்துப் போட்டுச் செய்யும் காரியம். பட்டியலை இன்னும் நீட்டலாம். எட்டு வாரக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துப் பெட்டியில் வைத்து எடுத்து வருகிறோம். அதைக் கேட்காமலே கருத்தடை செய்கிறோம். வெளியூர் போனால் நாளுக்கு இவ்வளவு என்று பணம் கட்டி விடுதியில் விடுகிறோம். இவற்றில் பெரும்பாலானவை தவறும் இல்லை. கருத்தடை செய்யச் சொல்லி மருத்துவர்களே வற்புறுத்துகிறார்கள். தவறில்லாத இந்தக் காரியங்களில் ஒன்றைக்கூடப் பிள்ளைக்குச் செய்ய முடியாது என்பதுதான் விஷயம். 'பிள்ளை' என்ற சொல், நம் கையில் இருக்கும் அதிகாரத்தை நம் கண்ணிலிருந்தே மறைத்துவிடுகிறது.

அதே நீதிபதியின் கத்தி உவமை மட்டும் நொண்டுகிறது. கத்திக்குப் பசிக்காது. எஜமானர் வரும் நேரத்துக்கு அது வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்காது. என் கத்தியை நான் உடைத்து எறியலாம், யாரும் கேட்க மாட்டார்கள்; என் நாயின் காலை உடைத்தால் சட்டம் கேட்கும். இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், உரிமையாளர் உட்பட யார் அடித்தாலும் குற்றம் என்கிறது. (அதிலுள்ள அபராதம் வேறு கதை. முதல் குற்றத்துக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு டீயும் வடையும் இன்று அந்தப் பத்து ரூபாய்க்குக் கிடைக்காது.) ஆக, நாயைச் சொத்து என்கிற சட்டமே, உரியவராலும் துன்புறுத்தப்படக் கூடாத சொத்து என்றும் சொல்கிறது. அப்படி ஒரு சொத்து சமையலறை இழுப்பறையில் இருக்காது.

ஜோயியின் வழக்கு

டானிலியுக்குக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2013-இல், நியூயார்க்கில் இதே கேள்வி ஜோயி என்ற குட்டை டாக்ஸ்ஹுண்ட் நாயின் உருவில் வந்தது. பிரிந்த இணையர் இருவரும் பெண்கள். ஒருவர் அலுவலகப் பயணம் போயிருந்த சமயத்தில் மற்றவர் ஜோயியைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போனார். எங்கே என்று கேட்டபோது, சென்ட்ரல் பார்க்கில் காணாமல் போய்விட்டது என்றார். நாய் உண்மையில் மெய்ன் மாநிலத்தில் அவருடைய அம்மா வீட்டில் இருந்தது.

நீதிபதி மேத்யூ கூப்பர் இந்த வழக்கைத் தள்ளிவிடவில்லை. எஸ்கலேட் கார் யாருக்கு, ஃபெராரி யாருக்கு என்று பேச நீதிமன்றத்துக்கு நேரம் இருக்கும்போது, இருவரும் உயிராக நினைக்கும் நாய்க்காக ஒரு நாள் ஒதுக்க முடியாதா என்பது அவர் வாதம். அதே சமயம் பிள்ளை வழக்கில் கேட்பதுபோல 'நாயின் நலனுக்கு எது சிறந்தது' என்று கேட்கவும் மறுத்தார். நாயின் மனதில் என்ன இருக்கிறது என்று அறிய நீதிமன்றத்துக்கு வழியில்லை என்றார். சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் எது நல்லது என்று பார்க்கலாம், ஒரே ஒரு நாள் விசாரணை, முடிவில் ஒருவருக்கே நாய், பங்குபோட்டு வைத்துக்கொள்ளும் பேச்சே கிடையாது என்று வகுத்தார். மருத்துவரிடம் யார் தூக்கிக்கொண்டு போனது, தீனி யார் வைத்தது, நாயை ஏன் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் அம்மா வீட்டில் விட்டார் என்பவை அங்கே பேச வேண்டியவை.

'நீ அம்மாவா, நான் அம்மாவா' என்ற போட்டி இங்கே 'நீ என்ன செய்தாய், நான் என்ன செய்தேன்' என்று மாறுகிறது. பாசத்தை அளக்க முடியாது. தடுப்பூசி அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க முடியும்.

கனடாவிலேயே 2018-இல் நியூஃபவுண்ட்லாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மாயா என்ற நாய்க்காக வழக்கு நடந்தது. பெரும்பான்மை நீதிபதிகள் பழைய சொத்துச் சட்டத்தோடு நின்றார்கள். லோயிஸ் ஹோக் என்ற நீதிபதி மட்டும் மாறுபட்டு, நாய் யாருக்குச் சொந்தம் என்பது, கார் யாருக்குச் சொந்தம் என்பதுபோல ரசீதைப் பார்த்து முடிக்கிற விஷயமில்லை என்று எழுதினார். அந்த மாறுபட்ட குரல் வீண் போகவில்லை என்றே நினைக்கிறேன். 2024 ஜனவரி முதல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் குடும்பச் சட்டத்தில், பிரியும் தம்பதியின் செல்லப்பிராணி யாருக்கு என்று முடிவு செய்ய நீதிமன்றம் பார்க்க வேண்டியவற்றை எழுதியே வைத்திருக்கிறார்கள். அது எப்படி வீட்டுக்கு வந்தது, யார் எவ்வளவு பராமரித்தார்கள், வீட்டில் வன்முறை நடந்ததா, பிராணியை வதைப்பேன் என்று மிரட்டல் இருந்ததா, வீட்டுக் குழந்தைக்கும் அதற்கும் உறவு எப்படி, இனிமேல் அதன் தேவைகளைப் பார்த்துக்கொள்ள யாருக்கு மனமும் வசதியும் இருக்கிறது. இவ்வளவையும் பார்த்துவிட்டு ஒருவரிடம்தான் கொடுக்க வேண்டும். இருவரும் மாறி மாறி வைத்துக்கொள்ளும்படி நீதிமன்றம் உத்தரவிட முடியாது. அப்படி வேண்டுமென்றால் தம்பதிகள் தாங்களே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்.

மிரட்டல் பற்றிய அந்த வரியைக் கவனியுங்கள். 'நீ வீட்டைவிட்டுப் போனால் இந்த நாய் உயிரோடு இருக்காது' என்ற ஒரு வார்த்தையே பலரை அடி வாங்கும் வீட்டில் கட்டிப்போட்டு வைக்கிறது. கத்தியை வைத்து அப்படி மிரட்ட முடியாது. அந்த வரியை எழுத நாயைப் பிள்ளை என்று அழைக்க வேண்டிய அவசியமும் சட்டத்துக்கு வரவில்லை.

மரைன் டிரைவில்

இந்தக் கேள்வி நம் பக்கம் வந்தபோது எப்படித் திரும்பியது என்பதற்கு மும்பை வழக்கு ஒன்று. 2020 ஏப்ரல் 11. முதல் ஊரடங்கு நாட்கள். 18 வயது பொறியியல் மாணவர் ஒருவர் உணவுப் பொட்டலம் கொண்டு போய்க் கொடுக்கும் வேலையில் மரைன் டிரைவில் பைக்கில் வருகிறார். தெருநாய்களுக்கு ஒரு பெண் சோறு வைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு நாய் சாலையைக் கடக்கிறது, பைக் மோதுகிறது, நாய் இறந்துவிடுகிறது, பையனும் சறுக்கி விழுந்து அடிபடுகிறான்.

காவல்துறை போட்ட பிரிவுகளில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 279-ம் 337-ம் இருந்தன. மனித உயிருக்கு ஆபத்து வரும்படி வண்டி ஓட்டுவதும், மனிதருக்குக் காயம் விளைவிப்பதும்தான் அந்தப் பிரிவுகள். 2022 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. நாயையும் பூனையையும் வளர்ப்பவர்கள் பிள்ளையாகவோ குடும்பத்தில் ஒருவராகவோ பார்ப்பதில் சந்தேகமில்லை, ஆனால் அவை மனிதர்கள் அல்ல என்பது அடிப்படை உயிரியல் என்று நீதிபதிகள் ரேவதி மோஹிதே தேரேயும் பிருத்விராஜ் சவானும் சொன்னார்கள். பொருந்தாத பிரிவில் வழக்குப் போட்டதற்காக மாணவருக்கு அரசு 20,000 ரூபாய் கொடுக்க வேண்டும், அதைப் பொறுப்பான அதிகாரிகளின் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்றும் உத்தரவிட்டார்கள்.

சோறு வைத்த பெண்ணின் துக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. கண்ணெதிரே சாகும் உயிர் எதுவானாலும் துக்கம் துக்கம்தான். ஆனால் அந்தத் துக்கத்தின் சொல்லை அப்படியே முதல் தகவல் அறிக்கைக்குள் ஏற்றினால், ஊரடங்கில் பார்சல் சுமந்த ஒரு பையன், மனிதரை இடித்தவனுக்குரிய பிரிவுகளோடு இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் அலைய வேண்டி வருகிறது. அவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

அதே மும்பையில் 2023-இல் இன்னொரு உத்தரவு. குடும்ப வன்முறை வழக்கில் 55 வயதுப் பெண்ணொருவர் ஜீவனாம்சம் கேட்டார். தன்னை நம்பி மூன்று ராட்வைலர் நாய்கள் இருப்பதாகவும் சொன்னார். நாய்களுக்கெல்லாம் செலவு தர முடியாது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. பாந்த்ரா மாஜிஸ்திரேட் அதை ஏற்கவில்லை. கௌரவமான வாழ்க்கையில் செல்லப்பிராணிகளும் அடங்கும், உறவு உடைந்த மனிதர்களின் வெறுமையை அவை நிரப்புகின்றன என்று சொல்லி மாதம் 50,000 ரூபாய் இடைக்கால ஜீவனாம்சம் கொடுக்கச் சொன்னார். இங்கேயும் நாய்கள் பிள்ளைகள் ஆக்கப்படவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குள் அவற்றுக்கு இடம் உண்டு என்றுதான் சொல்லப்பட்டது. எனக்கு இந்த உத்தரவு பிடிக்கிறது.

மூளையும் மரபியலும்

பாசம் பொய்யில்லை என்பதற்கு ஆய்வக ஆதாரமும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 14 தாய்மார்களை மூளை ஸ்கேன் கருவியில் படுக்க வைத்து, அவரவர் குழந்தையின் படத்தையும் அவரவர் நாயின் படத்தையும் காட்டினார்கள். 2014-இல் முடிவு வெளியானது. உணர்ச்சி, பற்று ஆகியவற்றோடு தொடர்புள்ள பல பகுதிகள் இரண்டுக்குமே விழித்துக்கொண்டன. ஆனால் நடுமூளையில், பிணைப்பு உருவாவதில் பங்கு வகிக்கும் ஒரு பகுதி குழந்தையின் படத்துக்கு மட்டுமே எழுந்தது. பதினான்கு பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. இருந்தாலும் நாய் வளர்ப்பவர்கள் மனதில் உணர்வதும் இதற்குக் கிட்டத்தட்டத்தான் இருக்கும்.

தமிழில் 'பிள்ளை' தாராளமான சொல். அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, கிளிப்பிள்ளை என்போம். மரத்துக்கும் தென்னம்பிள்ளை உண்டு. தொல்காப்பியத்தில் மரபியல் என்ற பகுதி இளமைப் பெயர்களை வகுக்கும்போது நாய், பன்றி, புலி, முயல் நான்கின் குட்டியையும் 'குருளை' என்கிறது, நரியையும் சேர்த்துக்கொள்கிறது. இவற்றைப் 'பிள்ளை' என்றாலும் பிழையில்லை என்றும் சொல்லிவிட்டு, உடனே ஒரு விலக்கு வைக்கிறது: நாய் அல்லாதவிடத்து. புலிக்கும் பன்றிக்கும் கொடுத்த சொல்லை நாய்க்கு மட்டும் கொடுக்கவில்லை. ஏனென்று சூத்திரம் சொல்வதில்லை. வாசலில் கிடந்த பிராணிக்கும் மடியில் கிடந்த பிள்ளைக்கும் சொல்லளவிலாவது இடைவெளி வேண்டுமென்று நினைத்தார்களோ என்னவோ.

வீட்டுக்குள் வரும் கேடு

நீதிமன்றம் ஏறும் நாய்கள் நூற்றில் ஒன்றுகூட இருக்காது. சொல்லின் விளைவு வீட்டுக்குள்தான் அதிகம். பிள்ளைக்குக் கொடுப்பதை இதற்கும் கொடுக்காமல் எப்படி என்று பண்டிகை நாளில் பாயசத்தை ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைக்கிறார்கள். அதில் மிதக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியது. சாக்லேட் ஆகாது. வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். நம் வீட்டில் வெங்காயம் படாத குழம்பு எது? பாசத்தில் ஊட்டிய கை ராத்திரி பதினொரு மணிக்குத் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையைத் தேடி அலைகிறது.

அடுத்தது தண்டனை. வேலை முடிந்து வந்து பார்த்தால் தலையணை கிழிந்து கிடக்கிறது, நாய் தலையைக் குனிந்து மூலையில் ஒண்டுகிறது. 'தப்புப் பண்ணோம்னு அதுக்கே தெரியுது பாரு' என்கிறோம். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. தின்னக் கூடாததைத் தின்ற நாயா, தின்னாத நாயா என்பதற்கும் அந்தக் குற்ற முகத்துக்கும் தொடர்பில்லை. எஜமானர் திட்டினாரா இல்லையா என்பதற்குத்தான் தொடர்பு இருந்தது. தப்பே செய்யாத நாயும் திட்டினால் அந்த முகத்தைக் காட்டியது. பிள்ளையாக நினைப்பதால் பிள்ளையின் மனசாட்சியையும் அதற்குள் வைத்துப் பார்க்கிறோம், பிறகு அந்த மனசாட்சியை அடிக்கிறோம். பத்து மணி நேரம் ஃபிளாட்டுக்குள் அடைந்து கிடந்த விலங்கு, தலையணையைத்தானே கிழிக்கும்.

பிள்ளை ஒருநாள் தானாகச் சாப்பிடும், எதிர்த்துப் பேசும், கதவைச் சாத்திக்கொண்டு போகும். வளர்ப்பதன் நோக்கமே அதுதான். நாய் பன்னிரண்டு, பதின்மூன்று வருஷமும் நம் கையை நம்பியே இருக்கும், நாம் வைத்தால்தான் தண்ணீர். பெற்றோரின் பொறுப்பு வருஷா வருஷம் குறையும்; இந்தப் பொறுப்பு கடைசி வருஷங்களில்தான் கூடுகிறது. டானிலியுக்கின் பட்டியலில் உள்ள அந்தக் கொடூரமான வரி, கதையை முடிப்பதா என்ற வரி, அப்போதுதான் வீட்டுக்கு வருகிறது.

எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் ஒரு அக்கா இருக்கிறார். அவருடைய லாப்ரடாருக்குப் பதின்மூன்று வயதில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. எழுந்து நிற்க முடியவில்லை, படுத்த இடத்திலேயே எல்லாம். மருத்துவர் மூன்று முறை ஜாடையாகச் சொல்லிவிட்டார். 'பெத்த பிள்ளைக்கு ஊசி போடுவாங்களா டாக்டர்' என்று ஒவ்வொரு தடவையும் அக்கா திருப்பிக் கேட்டார். நாள் விட்டு நாள் சலைன் ஏறியது. நாயின் முன்னங்காலில் ஊசி குத்த இடமில்லாமல் போயிற்று. பத்தொன்பதாம் நாள் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்.

அந்தக் கிளினிக்கில் பிராணியின் பெயரோடு அம்மா, அப்பா சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். வரவேற்பில் இருந்த பெண், 'புரூனோ அம்மா, உள்ள வாங்க' என்றார். உள்ளே மேஜையில் ஒரு தாள் இருந்தது. வைத்தியத்தால் தீராத வேதனை, உரிமையாளரின் சம்மதத்தோடு என்று நாலு வரி. கீழே கோடு போட்டு 'உரிமையாளர் கையொப்பம்' என்று அச்சடித்திருந்தது. அக்கா பேனாவைப் பிடித்தபடி அந்தச் சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு, புரூனோவின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.